பிங்க்லி சொன்ன ரயில்

"அக்கா, நான் கள்ளன் இல்லை" என்று சொல்லிக்கொண்டேதான் பாலேந்திரன் உள்ளே வந்தான். வணக்கமும் இல்லை, சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. தோளில் கிடந்த ஈரப் பனி உருகிக் கம்பளத்தில் சொட்டியது.

ஹொல்ம்லியா ரயில் நிலையத்துக்கு எதிரே, பல்வைத்தியரின் அறைக்கு மேல்மாடியில் தர்மிகாவின் அலுவலகம் இருந்தது. ஒஸ்லோவிலேயே பிறந்தவள். பல வருடங்கள் பொலிசில் துப்பறிவாளராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக விசாரணைத் தொழில் நடத்துகிறாள். யார் என்ன பதற்றத்தோடு வந்தாலும் அவளுடைய குரல் ஒரு படி ஏறாது.

"இரு, பாலா. முதலிலை தேத்தண்ணி குடி" என்றாள்.

தேநீரைக் கொண்டுவந்து வைத்தவர் ஆனந்தராஜா. தர்மிகாவின் தாய்மாமன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மறுநாளே, ஒருவரும் கேட்காமல், மருமகளின் அலுவலகத்துக்கு வேலைக்கு வரத் தொடங்கிவிட்டவர். அவருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று துப்பறிவது. மற்றது, அமெரிக்க வானொலியின் பொற்காலத்து நகைச்சுவைக்காரர்கள். அவர் ஆங்கிலம் படித்ததே அந்தக் குரல்களிடம்தான். அவர் திருமண நாளை மறந்துவிட்டாரென்று மனைவி கோபித்த அன்றுகூட, எந்த நகைச்சுவைக்காரரை எந்தச் சவர்க்காரக் கம்பனி பணம் கொடுத்துக் காற்றலையில் ஏற்றியது என்று அவரால் தடக்கமில்லாமல் சொல்ல முடிந்தது.

பாலேந்திரனைத் தெரியாத தமிழர் ஒஸ்லோவில் குறைவு. மேடையில் தனியே நின்று, நோர்வேஜிய மொழியில், யாழ்ப்பாண அப்பாக்களைப் பற்றிப் பேசிச் சபையைச் சிரிக்க வைக்கிறவன். வருகிற சனிக்கிழமை நகரின் பெரிய அரங்கு ஒன்றில் அவனுடைய முதலாவது முழுநேர நிகழ்ச்சி. தொலைக்காட்சியும் நேரடியாகக் காட்டுவதாக இருந்தது.

"இருந்தது" என்று பாலேந்திரனே அழுத்திச் சொன்னான். "வெள்ளிக்கிழமைக்குள்ளை நான் களவெடுக்கேல்லை எண்டு காட்டாட்டி, என்னை எடுத்துப்போட்டு வேறை ஆளைப் போடுவினம். அரங்கத்தை நடத்துற சிக்ரிட் நேற்றே சொல்லிப்போட்டா."

"எதைக் களவெடுத்தாயாம்?"

"என்ரை பிரான்வேசன் கதையை. தீயணைக்கிற ஆக்களுக்கு அப்பா போன் எடுக்கிற கதை. ஹெல்த் அர்லி, சத்தியமா, அது உண்மையிலை நடந்தது அக்கா! மோர்டென்ஸ்ருடிலை எங்கடை குசினி பத்தேக்கை, அப்பா போன் எடுத்து, 'நீங்கள் சாப்பிட்டாச்சோ' எண்டுதான் முதல் கேட்டவர். அதைத்தான் நான் கதையாக்கினனான். இப்ப என்னடா எண்டால், எண்பது வருசத்துக்கு முதலே அமெரிக்காவிலை ஒராள் ரேடியோவிலை அதைச் சொல்லிப்போட்டாராம். பதிவு வந்திருக்கு. யார் இணையத்திலை போட்டதெண்டு தெரியாது."

"யாராம் அந்த ஆள்?"

"ஹோரஸ் பிங்க்லி."

ஆனந்தராஜாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் இடறியது.

"பிங்க்லியா?" என்றார். "தம்பி, பிங்க்லியின்ரை நாலு நிகழ்ச்சிதான் உலகத்திலை மிஞ்சியிருக்கு. நாலையும் பழைய இசைத்தட்டிலையிருந்து எடுத்துத் துப்பரவாக்கி இணையத்திலை போட்டதே நான்தான். அஞ்சாவது ஒண்டு இருக்கோ?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசை அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒரு காலத்தில் வாரந்தோறும் அமெரிக்கா முழுவதையும் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்த மனிதர் பிங்க்லி. தொலைக்காட்சி வந்ததும், அந்தக் குரலுக்குப் பொருந்தாத முகம் என்று சொல்லி அவரைக் கைவிட்டார்கள். அவருடைய பதிவுகளைத் தேடிப் பாதி உலகத்துச் சேகரிப்பாளர்களோடு ஆனந்தராஜா பேசியிருக்கிறார். அப்படி ஒன்று கிடைத்திருக்கிறதென்றால் அவர் துள்ளிக் குதிக்க வேண்டும். எதிரே இருந்தவனின் முகத்தைப் பார்த்துக் குதிக்க முடியவில்லை.

தர்மிகா பதிவைப் போட்டாள். முதலில் இரைச்சல். பிறகு அந்தக் குரல். வெண்ணெய் தடவியது போன்ற, அவசரமே தெரியாத ஆங்கிலம்.

"தீயணைப்பு நிலையமா? தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் பிறகு எடுக்கிறேன். இல்லை இல்லை, விசேஷமாக ஒன்றுமில்லை. ஒரு சின்ன நெருப்பு."

சபை சிரித்தது.

"வீடு என்ன நிறமா? மஞ்சள். உங்களோடு பேசத் தொடங்கும்போது மஞ்சள்."

சபை அதிர்ந்தது. ஒரு பெண் கீச்சென்று சிரித்து விக்கலில் முடித்தாள். ஆனந்தராஜாவும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லை ஐயா, அது நெருப்பின் சத்தமில்லை. அது ரயில். பிந்திவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் இந்த ஓட்டம். உங்களுக்கும் அப்படி ஓட வருமா?"

இதற்கும் பெரிய சிரிப்பு, அந்த விக்கலோடு.

"சரி, இனி நீங்கள் வர வேண்டாம். வீடு முடிந்துவிட்டது. சாப்பாடு ஆறப்போகிறது, போய்ச் சாப்பிடுங்கள்."

மறுபடி அதே கீச்சும் விக்கலும். பதிவு கைதட்டலில் முடிந்தது. பாலேந்திரன் பாதியிலேயே எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றுவிட்டான்.

"என்னாலை இதை முழுக்கக் கேக்கவே ஏலாது. ஒருக்காலும் நான் முடிவு வரைக்கும் கேக்கேல்லை" என்றான், திரும்பாமலே. "அப்பா வெளியிலை போறேல்லை. டி-பானே ரயிலிலை ஒராள் கேட்டாராம், 'உங்கடை மகன் உங்களையும் களவெடுத்தவரோ' எண்டு."

"மாமா, குரல் பிங்க்லியின்ரைதானோ?" என்று கேட்டாள் தர்மிகா.

"அச்சுப்பிசகாமல் அவர்தான், பிள்ளை" என்றார் ஆனந்தராஜா, வேதனையோடு. "ஒண்டுதான் குறை. பிங்க்லிக்குப் பக்கத்திலை எப்பவும் ஒரு சத்தக்காரர் நிப்பார். கதவெண்டால் கதவு கிறீச்சிடும், குதிரை எண்டால் சிரட்டையைத் தட்டுவார். ரேடியோவிலை கேக்காத சாமான் இல்லாத சாமான். இதிலை டெலிபோன் மணிகூட அடிக்கேல்லை. அண்டைக்கு அந்த மனுசனுக்குச் சுகமில்லாமல் இருந்திருக்கும்."

தர்மிகா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பதிவைத் திரும்பவும் போட்டு, சிரிப்பு வந்த இடங்களை மட்டும் கேட்டாள். மூன்று இடத்தில் அதே பெண் கீச்சிட்டு, அதே விக்கலில் முடித்தாள். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நூலளவும் விலகாது.

"ஒரே சிரிப்பை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கினம்" என்றாள்.

ஆனந்தராஜா துள்ளினார். "சிரிப்பு மெசின்! அது தொலைக்காட்சி வந்த பிறகு வந்த வித்தை. பிங்க்லியின்ரை காலத்திலை உயிருள்ள சனம்தான் சிரிச்சது. அப்ப இது பொய்ப் பதிவு! வழக்கு முடிஞ்சுது!"

"முடியேல்லை, மாமா. உண்மையான பழைய பதிவுக்கு யாரோ பிறகு சிரிப்பை ஒட்டினது எண்டு சொல்லலாம். சிக்ரிட் அப்பிடித்தான் கேப்பா." அவள் பாலேந்திரன் பக்கம் திரும்பினாள். "இந்தக் கதையை எங்கையெல்லாம் சொன்னனீ?"

"ஒரே ஒரு தரம். போன மாதம், லில்லெஸ்ட்ரோமிலை ஒரு சின்ன மண்டபத்திலை, பரீட்சிச்சுப் பாக்க. வாசலிலை எல்லாரின்ரை போனையும் வாங்கி வைச்சிட்டம். ஒருத்தரும் படம் பிடிக்கேல்லை."

"பதிவே இல்லையோ?"

"ஆன்ட்ரியாஸ் எண்டு அந்த மண்டபத்து ஒலிக்காரர், தன்ரை மேசையிலை பதிஞ்சவர். அந்தப் பதிவு அவரிட்டை இருக்கு, என்னட்டை இருக்கு. அண்டைக்கு எனக்கு முதல் மேடையேறின சாய்க்கு ஒரு பிரதி குடுத்தனான். அபிப்பிராயம் கேட்டு அனுஷனுக்கும் அனுப்பினனான். நானும் அவனும் முந்திச் சோடியாச் செய்தனாங்கள், தெரியும்தானே."

"உனக்குப் பதிலா யாரைப் போடுவினமாம்?"

பாலேந்திரன் தயங்கினான். "சாயை."

ஆனந்தராஜா மேசையில் தட்டினார். அவரைப் பொறுத்தவரை குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

மறுநாள் காலை இருவரும் லில்லெஸ்ட்ரோமுக்குப் போனார்கள். மண்டபம் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்தி மேடை போட்டிருந்தார்கள். ஆன்ட்ரியாஸ் நரைத்த தாடிக்காரர், பேச்சில் சிக்கனமானவர். தன் ஒலிமேசையைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம் மலர்ந்தது.

"என் பதிவில் குரல் மட்டும்தான் இருக்கும்" என்றார் நோர்வேஜிய மொழியில். "ஒலிவாங்கி வாயோடு ஒட்டி நிற்கும். தாழ்ந்த ஒலிகள் எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். சபையின் சிரிப்புக்கூடத் தூரத்துச் சலசலப்பாகத்தான் கேட்கும். இந்த மண்டபத்தில் அப்படிச் செய்யாவிட்டால்..."

அவர் நடுவில் நிறுத்தினார். சுவர்கள் உறுமின. மதுக்கூடத்துத் தட்டில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று முட்டின. ஆனந்தராஜா கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டார். பின்சுவருக்கு அப்பால் சரக்கு ரயில் போய் முடியும்வரை ஆன்ட்ரியாஸ் பழகிப்போன பொறுமையோடு காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"...ஒன்றும் செய்ய முடியாது."

தர்மிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அன்று மாலை முழுவதும் நீங்கள் இங்கே இருந்தீர்களா?"

"வேறு எங்கே இருப்பேன்? இந்த மேசைக்குப் பின்னால்தான்."

அவள் நன்றி சொல்லி எழுந்தாள். ஆனந்தராஜாவுக்கு ஏமாற்றம். கைரேகை இல்லை, மிரட்டல் இல்லை, ஒரு கேள்வியோடு ஒரு சந்தேகநபரை விட்டுவிட்டு வருவதா?

சாயை மத்திய நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் சந்தித்தார்கள். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன். மாலையில் மேடையேறுகிறவன். ஆனந்தராஜா முதல் வார்த்தையிலேயே பாய்ந்தார்.

"பாலாவின்ரை இடம் உமக்குத்தானாமே?"

"அதுக்கு?" சாயின் முகம் சிவந்தது. "அங்கிள், நான் இந்தியாக்காரன்ங்கறதால என்ன வேணா பண்ணுவேன்னு முடிவே பண்ணிட்டீங்களா? சிக்ரிட் கூப்பிட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னேன். அவன் இடத்துல போய் நிக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"லில்லெஸ்ட்ரோமிலை அவர் கதை சொல்லேக்கை நீங்கள் நிண்டனீங்களோ?" என்று தர்மிகா அமைதியாகக் கேட்டாள்.

"சைடுல நின்னு முழுசா பார்த்தேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு. அந்த ட்ரெயின் மேட்டர் எல்லாம் சொன்னா புரியாதுங்க, அங்க இருந்து பார்த்திருக்கணும்."

வெளியே வந்ததும் ஆனந்தராஜா குசுகுசுத்தார். "பாத்தியோ பிள்ளை, நிண்டனான் எண்டு அவனே ஒத்துக்கொண்டான்!"

"ஓம் மாமா. ஒத்துக்கொண்டார்" என்றாள் அவள். அவள் முகத்தில் ஒரு சின்னப் புன்னகை தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தமென்று அவருக்கு விளங்கவில்லை.

அனுஷனின் வீடு மோர்டென்ஸ்ருடில், டி-பானே முடிகிற இடத்தில். அவன் இவர்களை அன்பாக வரவேற்றான். சுவரில், பாலேந்திரனும் அவனும் ஒரே மாதிரிச் சிவப்புக் கழுத்துப்பட்டியோடு மேடையில் நிற்கும் படம் தொங்கியது. ஆனந்தராஜாவுக்கு அந்த நாடகங்கள் நினைவிருந்தன. அனுஷன் முகத்தை இறுக்கிக்கொண்டு கேள்வி கேட்பான், பாலேந்திரன் கோணலாகப் பதில் சொல்வான், சபை உருளும்.

"பாலாவுக்காகக் கவலையாத்தான் இருக்கு" என்றான் அனுஷன். "ஆனா அண்ணை, கேட்டா விளங்குதுதானே, அது பழைய ரேடியோப் பகிடி. அந்த ரயில் வரியைப் பாருங்கோ. நெருப்புக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? திடீரெண்டு தலையுமில்லாமல் வாலுமில்லாமல் வந்து விழுது. அந்தக் காலத்து அமெரிக்கன் விசர்க்கதை அப்பிடித்தான். பாலாவின்ரை மூளையிலை அப்பிடி வராது."

"லில்லெஸ்ட்ரோம் நிகழ்ச்சிக்கு வந்தனீங்களோ?"

"இல்லையே. அண்டைக்கு நான் பேர்கனிலை, யொப், வேலை விசயமா. வேணுமெண்டால் விமானச் சீட்டைக் காட்டுறன். மண்டபத்தையே நான் கண்டதில்லை."

"தேவையில்லை" என்றாள் தர்மிகா. "நீங்கள் சொன்னால் நம்புறன்."

திரும்பும் வழியில் ஆனந்தராஜா தன் முடிவை வரிசைப்படுத்தினார். அனுஷன் அங்கே இல்லவே இல்லை. ஆகையால் நிரபராதி. ஆன்ட்ரியாஸுக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. மிஞ்சுவது சாய்.

"மாமா, உங்களிட்டை ஒண்டு கேக்கட்டோ?" என்றாள் தர்மிகா. "பிங்க்லி ரேடியோவிலை 'அது ரயில்' எண்டு சொல்லுறதெண்டால், அதுக்கு முதல் என்ன நடக்கவேணும்?"

"சத்தக்காரர் ரயிலை ஓட்ட வேணும். பெட்டிக்குள்ளை இரும்புச் சில்லை உருட்டுவினம், விசில்..." ஆனந்தராஜா அந்த இடத்திலேயே வாயடைத்துப் போனார். ரயில் பெட்டியில் எதிரே இருந்த பெண் இவருக்கு நெஞ்சுவலியோ என்று எட்டிப் பார்த்தாள்.

"இப்ப விளங்குதோ?" என்றாள் மருமகள்.

அவருக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதிக்காக அன்றிரவு முழுவதும் புரண்டார். அதோடு இன்னொன்றும் அவரை அரித்தது. அந்த ஐந்தாவது பதிவு இல்லை என்பது இனி உறுதி. எத்தனையோ வருடம் தேடிக் கண்டது ஒரு பொய். ஆனால் விடியும்போது அந்தத் துக்கம் கோபமாக மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகல், லில்லெஸ்ட்ரோம் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். அரங்கத்து சிக்ரிட் குளிருடையைக் கழற்றாமலே முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாலேந்திரன் ஒரு மூலையில். சாய் கைகளைக் கட்டிக்கொண்டு. அனுஷன் நண்பனின் தோளில் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டு அமர்ந்தான். ஆன்ட்ரியாஸ் தன் மேசைக்குப் பின்னால்.

தர்மிகா மேடையேறி ஒலிவாங்கியின் முன் நின்றாள்.

"இந்தப் பதிவில் சிரிக்கிறவர்கள் உண்மையான சபை இல்லை. ஒரே சிரிப்பு மூன்று இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது" என்று சிக்ரிட்டுக்காக நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள்.

"சிரிப்பை யாரும் பிறகு சேர்த்திருக்கலாமே" என்றாள் சிக்ரிட்.

"சேர்த்திருக்கலாம். ஆகையால் சிரிப்பை விட்டுவிடுவோம். பேச்சுக்கு வருவோம். நடுவில் ஒரு வரி. அது நெருப்பின் சத்தமில்லை, அது ரயில். எந்தச் சத்தம்? பதிவில் ஒரு சத்தமும் இல்லை. என் மாமா இந்தத் துறையில் ஊறியவர். வானொலியில் ஒரு கதவைச் சொன்னால் கதவு கேட்க வேண்டும் என்கிறார். பார்வை இல்லாத சபைக்குச் சத்தம்தான் கண். ஒரு சத்தமும் எழாதபோது 'அது ரயில்' என்று எந்த வானொலிக் கலைஞனும் சொல்லமாட்டான். சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அப்படியானால் அந்த வரி எங்கே பிறந்தது?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "தயவுசெய்து கொஞ்சம் காத்திருங்கள். ஆன்ட்ரியாஸ், பதிவு ஓடுகிறதா?"

"ஓடுகிறது."

சுவர் உறுமத் தொடங்கியது. குவளைகள் கிணுகிணுத்தன. மேடைப் பலகை கால்களுக்குக் கீழே நடுங்கியது. சிக்ரிட் திடுக்கிட்டு மேலே பார்த்தாள். அந்த உறுமலுக்கு நடுவே தர்மிகா ஒலிவாங்கியில் தெளிவாகச் சொன்னாள்: "இது நெருப்பில்லை. இது ரயில்."

சாய் வாய்விட்டுச் சிரித்தான். "அதே தான்! அன்னிக்கும் கரெக்டா இப்படித்தான் வந்துச்சு!"

ரயில் போய்த் தேய்ந்ததும் ஆன்ட்ரியாஸ் பதிவைத் திருப்பிப் போட்டார். மண்டபம் முழுவதும் தர்மிகாவின் குரல் மட்டும், கண்ணாடி போல் சுத்தமாக ஒலித்தது. ரயில் இல்லை. குவளைகள் இல்லை.

பாலேந்திரன் எழுந்து நின்றுவிட்டான். "ஓம்! இப்ப ஞாபகம் வருது! அண்டைக்குத் தோக் வந்தது, இதே சரக்கு ரயில். எல்லாரும் அந்தரப்பட்டிச்சினம், என்ரை வாயிலை வந்ததைச் சொன்னனான். அது நான் எழுதின வரியே இல்லை!"

"அது இந்த மண்டபத்தில், அந்த ஒரு மாலையில் பிறந்த வரி" என்றாள் தர்மிகா. "அன்று இங்கே இருந்த சபை முழுவதும் அதற்குச் சாட்சி. எண்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் இருந்த பிங்க்லிக்கு லில்லெஸ்ட்ரோம் சரக்கு ரயிலைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாலேந்திரனின் பேச்சை யாரோ ஆங்கிலமாக்கி, பிங்க்லியின் குரலைக் கணினியில் மாதிரியெடுத்து, அவர் பேசியது போல் செய்திருக்கிறார்கள்."

சிக்ரிட் குளிருடையின் பொத்தான்களைக் கழற்றினாள். "யார்?"

"பாலேந்திரனை விட்டால், அந்தப் பதிவைக் கையில் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். அன்று இங்கே இருந்தீர்களா? ஆன்ட்ரியாஸ் இருந்தார். சாயும் இருந்தார். இருவருக்கும் அந்த வரி ரயிலுக்குச் சொன்னதென்று தெரியும். பொய்ப் பதிவு செய்வதென்றால் அவர்கள் அந்த வரியை வெட்டியிருப்பார்கள், அல்லது ஒரு ரயிலைச் சேர்த்திருப்பார்கள். செய்தவருக்கு ரயில் ஓடியதே தெரியாது. கையில் இருந்த சுத்தமான பதிவைக் கேட்டுவிட்டு, இது தலையும் வாலும் இல்லாத ஒரு பகிடி என்று நினைத்து, அப்படியே பிங்க்லியின் வாயில் வைத்துவிட்டார்."

அனுஷனின் முகம் மெல்ல வெளிறியது. அவன் தமிழுக்கு மாறினான்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்? நான் அண்டைக்கு இஞ்சை இருக்கவே இல்லையே!"

"அதுதான், அனுஷன்" என்றாள் தர்மிகா, குரலை உயர்த்தாமல். "இருந்திருந்தால் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டியள். மூண்டு பேரிலை ரயிலைக் கேக்காத ஆள் நீங்கள் மட்டும்தான்."

ஆனந்தராஜா தன் கதிரையிலிருந்து எழுந்து அனுஷனுக்கு எதிரே போய் நின்றார்.

"பிங்க்லியின்ரை தொண்டையை எங்கை எடுத்தனீர்?" என்று கேட்டார். "நான் போட்ட நாலு பதிவிலைதானே? எல்லாரும் கேட்டுச் சிரிக்கட்டும் எண்டு போட்டனான். செத்த மனுசனைப் பொய்ச்சாட்சி சொல்ல வைச்சிட்டீரே, தம்பி."

அனுஷன் அவரைப் பார்க்கவில்லை. பாலேந்திரனைத்தான் பார்த்தான்.

"சோடியாத்தானே தொடங்கினனாங்கள்" என்றான். "நான் கேள்வி கேக்கிறன், நீ பதில் சொல்லுறாய். நான் சரியான இடத்திலை நிப்பாட்டாட்டி உன்ரை பதிலுக்கு ஒருத்தரும் சிரிக்காயினம். பிறகு பெரிய மேடை வந்தவுடனை, ஒராள் போதுமெண்டு சொல்லிச்சினம். நீயும் ஓமெண்டனீ. கேள்வி கேட்டவனை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை."

"எனக்கு ஞாபகமிருந்தது" என்றான் பாலேந்திரன். "அதாலைதான் பதிவை முதலிலை உனக்கு அனுப்பினனான்."

அனுஷன் தலையைக் குனிந்தான். "செய்தது நான்தான்" என்று சிக்ரிட்டுக்கு விளங்கும் மொழியில் சொன்னான். அன்று பின்னேரத்துக்குள் பதிவை எடுத்துவிட்டு, தன் பெயரிலேயே உண்மையை எழுதிப் போட்டான். பாலேந்திரன் அவனை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பொலிசுக்கும் போகவில்லை.

சிக்ரிட் மேடையில் ஏறி பாலேந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நாளைக்கு ஏழு மணி. பிந்த வேண்டாம்" என்றாள்.

ஆனந்தராஜாவுக்கு இன்னொரு கடமை இருந்தது. சாயிடம் போய், தொண்டையைச் செருமினார். "தம்பி, நான் உம்மைத்தான் சந்தேகப்பட்டனான். பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

"தெரியும் அங்கிள். மூஞ்சிலயே எழுதியிருந்துச்சு" என்று சாய் சிரித்தான். "வாங்க, ஒரு காபி வாங்கிக் குடுங்க, சரியாயிடும்."

சனிக்கிழமை அரங்கில் ஒரு இருக்கை மிச்சமில்லை. செய்தி நாடு முழுக்கப் பரவியிருந்தது. வராதவர்கள் தொலைக்காட்சியின் முன் இருந்தார்கள். பாலேந்திரன் கேட்டுக்கொண்டபடி, முதலில் சாய் மேடையேறிச் சபையைச் சூடாக்கினான். ஆனந்தராஜாவும் தர்மிகாவும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். பக்கத்தில் பாலேந்திரனின் தாயும் தகப்பனும். ஒரு கிழமைக்குப் பிறகு தகப்பன் அன்றுதான் வெளியே வந்திருந்தார். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பாலேந்திரன் வெளிச்சத்துக்குள் வந்தான். ஒரு வார்த்தையும் பேசாமல் சபையைப் பார்த்தான். அந்த மௌனத்தை அவன் எவ்வளவு நேரம் பிடிக்கப்போகிறானென்று ஆனந்தராஜா மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். சரியான கணத்தில், காதோடு தொலைபேசியை வைப்பதுபோல் கையை வைத்து, தன் தகப்பனின் குரலில், பணிவாக, "சாப்பிட்டாச்சோ?" என்றான்.

அரங்கம் வெடித்தது. முன்வரிசைக்காரர் முழங்காலில் அடித்துக்கொண்டார். மேல்மாடத்தில் யாரோ கால்களால் பலகையை உதைத்தார்கள். பாலேந்திரனின் தகப்பன் முதலில் திகைத்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம், "நான் அப்பிடியோ கதைக்கிறனான்?" என்று கேட்டார்.

"அப்பிடியேதான்" என்றார் மனைவி, சிரிப்பில் மூச்சு வாங்க.

கடைசி வார்த்தையோடு எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாலேந்திரன் உள்ளே போனான். கைதட்டல் அவனை வெளியே இழுத்தது. திரும்பவும் போனான், திரும்பவும் இழுத்தது. அடுத்த தடவை வந்தபோது சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமே மிச்சமில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, மேடை நடுவில், தானே சிரித்தபடி நின்றான். உள்ளங்கை எரிய எரிய ஆனந்தராஜா தட்டிக்கொண்டேயிருந்தார்.